ஜீப்ரா ஃபின்ச்சையும் பிளாட்டிநீரிஸையும் எதை வைத்து ஒப்பிடுவது? ஒரு பாடும் பறவை, ஒரு கடற்புழு

நெய்தல்நிலா எழுதியது:

இளநிலை விலங்கியல் முதலாண்டு மாணவர்களுக்கு ஒரு வகுப்பு எடுக்கப்போகிறேன். ஒன்றுக்கொன்று மிகத் தொலைவான இரண்டு விலங்கினங்களை ஒப்பிட்டுக் காட்ட வேண்டும். நான் எடுத்துக்கொண்டவை: ஆஸ்திரேலியாவின் வறண்ட புல்வெளிகளில் கூட்டமாகத் திரியும் ஜீப்ரா ஃபின்ச், மத்தியதரைக் கடலோரத்தில் பாசிகளுக்கு நடுவே பட்டுக்குழாய் கட்டி வாழும் பிளாட்டிநீரிஸ் டுமெரிலி என்ற புழு.

இரண்டுமே ஆய்வகங்களில் பல பத்தாண்டுகளாக வளர்க்கப்படுபவை, அதனால் இரண்டைப் பற்றியும் நிறையத் தெரியும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பாடநூல் முறைப்படி அட்டவணை போட்டால் முதுகெலும்பு உண்டு, இல்லை; உடல்வெப்பம் மாறாது, மாறும்; நுரையீரல், பக்கக்கால்கள் என்று பத்து வரி வரும். அதை மனப்பாடம் செய்துவிட்டு, 'பறவை உயர்ந்த உயிரினம், புழு தாழ்ந்த உயிரினம்' என்று முடித்துவிடுவார்கள். எனக்கு அந்த முடிவில் உடன்பாடு இல்லை. ஆனால் அதற்குப் பதிலாக எந்தக் கேள்வியை வைத்து ஒப்பிடுவது? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

கேள்விக்கொடி எழுதியது:

முதலில் எதிர்த்தரப்பிலிருந்து பேசுகிறேன், ஏனென்றால் அதை யாரும் சரியாக எடுத்துவைப்பதில்லை.

ஜீப்ரா ஃபின்ச்சின் எடை சுமார் 12 கிராம். மூளை அரை கிராம்கூடக் கிடையாது. அதற்குள் ஏறத்தாழ 13 கோடி நரம்புச் செல்கள் இருப்பதாக 2016-ல் எண்ணிச் சொன்னார்கள். புழுவிடம் அதற்குப் பக்கத்தில் வைக்கக்கூடிய எதுவும் இல்லை. பறவை கேட்டுப் பழகுகிறது, துணையைப் பெயர் சொல்லாமலே குரலால் அறிகிறது, குஞ்சைக் காப்பாற்றுகிறது. புழு முட்டையிட்டுச் சாகிறது. இந்த வித்தியாசத்தை 'உயர்ந்தது' என்ற சொல்லால் குறிப்பதில் என்ன குற்றம்? மாணவர்கள் கண்ணால் பார்க்கும் உண்மையை நாம் ஏன் மறைக்க வேண்டும்?

விலங்கியல்வாத்தியார் எழுதியது:

நெய்தல்நிலா அம்மா, நல்ல இணையைத் தேர்ந்திருக்கிறீர்கள். கேள்விக்கொடி தம்பிக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

அந்தப் பறவையின் முன்னோர் வரிசையில் பிளாட்டிநீரிஸ் எங்கும் வராது. இரண்டுக்கும் பொதுவான மூதாதை 55 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் கடலில் இருந்தது. அங்கிருந்து இரண்டு வழி. ஒரு வழியில் நடந்து வந்தது ஃபின்ச், இன்னொரு வழியில் நடந்து வந்தது புழு. இருவரும் நடந்த காலம் ஒன்றேதான். ஆகவே, புழு எங்கோ பாதியில் நின்றுவிட்டது என்ற படத்தை மாணவர் மனத்திலிருந்து முதலில் எடுத்துவிடுங்கள்.

சரி, இரண்டும் எதைக் கைவிட்டன, எதை வைத்துக்கொண்டன என்று கேட்டால் ஆச்சரியமான பதில் வருகிறது. 2005-ல் பிளாட்டிநீரிஸின் மரபணுக்களை வாசித்தபோது, அவற்றின் இடைநிரல்கள், அதாவது மரபணுவின் நடுவே வரும், புரதத்துக்கான குறிப்பு இல்லாத இன்ட்ரான்கள், பெரும்பாலும் மனித மரபணுக்களில் இருக்கும் அதே இடங்களிலேயே இருந்தன. பழ ஈ அவற்றில் பெரும்பகுதியை இழந்துவிட்டது. அதாவது மரபணுக்களின் இந்த அமைப்பை மட்டும் பார்த்தால், முதுகெலும்பிகளுக்கு ஈயைவிடப் புழு நெருக்கமாகத் தோன்றுகிறது. உறவுமுறையில் ஈயும் புழுவும்தான் ஒரே பக்கத்தவர்கள் என்பதை மறக்காமல் இதைப் படிக்க வேண்டும். பழையதைப் புழு பத்திரமாக வைத்திருக்கிறது, அவ்வளவே.

வகுப்புக்கு நான் சொல்லும் முதல் கேள்வி இது: கண் இல்லாமல் வெளிச்சத்தை அறிய முடியுமா?

மைக்கேல் மெனாக்கரும் உடன் உழைத்தவர்களும் 1970-ல் சிட்டுக்குருவிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். சிட்டுக்குருவியும் பாடும் பறவைகளின் உட்பிரிவைச் சேர்ந்ததுதான். பகல் நீண்டால் ஆண் குருவியின் விந்தகம் பெருக்கும். இனப்பெருக்கப் பருவம் தொடங்கும். சில குருவிகளுக்குத் தலையில் இறகைப் பிடுங்கினார்கள், வெளிச்சம் கூடுதலாக உள்ளே போகட்டும் என்று. சிலவற்றுக்கு மண்டைத் தோலுக்கு அடியில் கறுப்பு மையைச் செலுத்தினார்கள், வெளிச்சம் போகக் கூடாதென்று. கண்கள் எல்லாவற்றுக்கும் திறந்தே இருந்தன. மங்கலான வெளிச்சத்தில் இறகு பிடுங்கிய குருவிகளின் விந்தகம் வளர்ந்தது; மை செலுத்தியவற்றில் வளரவில்லை. மண்டையோட்டைத் தாண்டி உள்ளே வரும் வெளிச்சத்தைக் குருவியின் மூளையே நேரடியாக அறிகிறது என்பது அதில் தெளிவாயிற்று.

இனிப் புழுவுக்கு வாருங்கள். 2004-ல் ஹைடல்பர்க்கில் டெட்லெவ் ஆரெண்ட் குழுவினர் பிளாட்டிநீரிஸின் மூளைக்குள்ளேயே ஒளியுணர் செல்களைக் கண்டார்கள். புழுவின் கண்களில் இருப்பவை பூச்சிக் கண் செல்களின் வகை. மூளைக்குள் இருந்தவையோ நம் விழித்திரையில் இருக்கும் தண்டு, கூம்புச் செல்களின் வகை. அவற்றில் ஒளியை உணரும் ஆப்சின் என்ற புரதமும் முதுகெலும்பிகளுடையதை ஒத்தது. வெளிச்சத்தை மூளையால் அறியும் ஏற்பாடு, முதுகெலும்பு தோன்றுவதற்கு முன்பே இருந்திருக்க வேண்டும் என்பதற்கு அது வலுவான சான்று.

ஒருவனிடம் குருவியும் இன்னொருவனிடம் புழுவும் கொடுத்து, 'இதற்குக் கண் எத்தனை இடத்தில்?' என்று கேளுங்கள். வகுப்பு விழித்துக்கொள்ளும்.

கூண்டும்கூடும் எழுதியது:

வாத்தியார் சார் சொன்னதைப் படிச்சிட்டு எழுதாம இருக்க முடியல. நான் கோயம்புத்தூர்ல பின்ச் வளர்க்கிறவன். படிப்பு அறிவியல் கிடையாது, ஆனா பறவையோட பக்கத்துலயே இருக்கேன்.

ஜீப்ரா பின்ச்ல ஆண் மட்டும்தான் பாடும். பொட்டைக்குக் கூப்பிடுற குரல் உண்டு, பாட்டு கிடையாது. ஆரஞ்சுக் கன்னமும் மார்புல கோடும் இருந்தா ஆண். சின்ன மண்பானை, கொஞ்சம் தேங்காய் நார், தினை, கணவாய் ஓடு. இது போதும், வருஷம் முழுக்க முட்டை வைக்கும். மழை, வெயில்னு பார்க்கிறதில்ல.

எங்க வளர்ப்புல ஒரு பழக்கம் இருக்கு. ஜோடி அடை சரியா காக்கலேன்னா முட்டையை எடுத்துப் பெங்காலி பின்ச் கூட்டுல வெச்சிருவோம். பெங்காலி நல்ல தாய், யார் குஞ்சையும் வளர்க்கும். அப்படிப் பெங்காலிகிட்ட வளர்ந்த ஆண் ஜீப்ராவோட பாட்டு தனியா தெரியும். ஜீப்ரா உடம்பு, பெங்காலி இழுவை. கூடவே வளர்ற மத்த பறவைங்க கூண்டைத் திரும்பிப் பார்க்கும். இது ஏன் இப்படி ஆகுதுன்னு ரொம்ப நாளா கேட்கணும்னு இருந்தேன். பாட்டு ரத்தத்துல வராதா சார்?

விலங்கியல்வாத்தியார் எழுதியது:

கூண்டும்கூடும் தம்பி, நீங்கள் கூண்டில் பார்த்ததைக் கிளாவுஸ் இம்மெல்மான் 1960-களில் முறையாகச் செய்து பார்த்து எழுதியிருக்கிறார். அவரும் இதே பெங்காலி ஃபின்ச்சிடம்தான் ஜீப்ரா குஞ்சுகளை வளர்க்கக் கொடுத்தார். தகப்பன் ஸ்தானத்தில் இருந்து இரை ஊட்டிய பறவையின் பாட்டையே குஞ்சு கற்றது. பக்கத்துக் கூண்டில் தன் இனத்து ஆண்கள் பாடிக்கொண்டிருந்தும் அதைத்தான் கற்றது.

கற்கும் காலத்துக்கும் வரையறை உண்டு. பொரித்து ஏறக்குறைய 25 நாள் முதல் 65 நாள் வரை குஞ்சு கேட்டு மனத்தில் பதித்துக்கொள்கிறது. அந்தக் காலத்துக்குள்ளாகவே முணுமுணுக்கத் தொடங்கிவிடும். கேட்டதோடு தன் குரலை ஒத்துப் பார்த்து, திருத்தித் திருத்தி, 90 நாள் வாக்கில் பாட்டு உறைந்துவிடும். பிறகு சாகும்வரை அதே பாட்டு. தூங்கும்போதும் அந்தப் பயிற்சி நிற்பதில்லை: பகலில் பாடும்போது எந்த வரிசையில் நரம்புச் செல்கள் துடித்தனவோ, அதே வரிசை உறக்கத்திலும் திரும்பி வருவதை 2000-ல் பதிவுசெய்தார்கள்.

ரத்தத்தில் வராதா என்று கேட்டீர்கள். அதற்கும் பதில் இருக்கிறது, என் மனத்துக்கு மிகப் பிடித்த சோதனை அது. எந்தப் பாட்டும் கேட்காமல் தனியே வளர்ந்த ஆண் கரடுமுரடாகப் பாடும். அசைகள் நீண்டு இழுத்துக்கொண்டு போகும். அந்த ஆணை ஆசானாக வைத்துக் குஞ்சுகளுக்குக் கற்பித்தார்கள். அந்தக் குஞ்சுகள் வளர்ந்து அடுத்த குஞ்சுகளுக்குக் கற்பித்தன. 2009-ல் வெளியான முடிவு: ஒவ்வொரு தலைமுறையும் கற்கும்போதே சிறிது சிறிதாகச் சீர்செய்ய, மூன்று நான்கு தலைமுறைக்குள் பாட்டு காட்டுப் பறவைகளின் பாட்டைப் போலாகிவிட்டது. எதைக் கற்க விரும்புவது என்ற சாய்வு முட்டைக்குள் வருகிறது. பாட்டு வெளியிலிருந்து வருகிறது. இரண்டும் சேர வேண்டும்.

உப்பங்கழி எழுதியது:

பறவை பக்கமே பேச்சு போகுது. புழு பக்கம் நான் வர்றேன்.

மரக்காணம் பக்கம் இறால் குஞ்சுப் பொரிப்பகத்துல வேலை. வனாமி தாய் இறால் முட்டைக்குத் தயாராகணும்னா பாலிகீட் புழு, அதாவது இந்த வகைக் கடற்புழு, போட்டே ஆகணும். கணவாய் போடுவோம், வேற தீனி போடுவோம், ஆனா புழு இல்லாம முட்டை தரம் வராது. அதுல இருக்கிற கொழுப்பு அமிலம்தான் காரணம்னு சொல்வாங்க. கழியில தோண்டி எடுத்த புழுவுல வெள்ளைப்புள்ளி வைரஸ் மாதிரி நோய் வரும்ங்கற பயம் எங்களுக்கு எப்பவும் உண்டு. அதனால எங்க புழுவைப் பார்க்கிற கண்ணே வேற: நோய் இருக்கா, முட்டை நிறைஞ்சிருக்கா, எத்தனை கிலோ.

எங்க கைக்கு வர்றது நெய்தல்நிலா சொல்ற இனம் கிடையாது, அதோட உறவுக்கார இனங்கள். இருந்தாலும் கேட்கிறேன். அந்தப் புழு அமாவாசை பௌர்ணமி பார்த்து முட்டை போடும்னு படிச்சிருக்கேன். எங்க ஊர்ல புழு தோண்டுறவங்க அமாவாசை, பௌர்ணமி ஒட்டித்தான் அதிகம் போவாங்க, ஏன்னா அன்னிக்குத் தண்ணி ரொம்ப இறங்கும், சேறு நல்லா தெரியும். புழு நிஜமா நிலாவைப் பார்க்குதா, இல்ல தண்ணி ஏத்த இறக்கத்தைப் பார்க்குதா?

நெய்தல்நிலா எழுதியது:

உப்பங்கழி அண்ணா, நிலாவைத்தான் பார்க்கிறது. ஆய்வகத் தொட்டியில் ஏற்ற இறக்கமே கிடையாது. 1960-ல் கார்ல் ஹவுவன்ஷில்ட் காட்டியது: மாதத்தில் சில இரவுகள் மட்டும் மங்கலான விளக்கை எரியவிட்டால், புழுக்கள் அதை நிலவாக எடுத்துக்கொண்டு தங்கள் முதிர்ச்சியை அதற்கேற்ப ஒழுங்குபடுத்திக்கொள்ளும். பிறகு விளக்கே போடாமல் விட்டாலும் அந்த மாதச் சுழற்சி சில மாதங்களுக்குத் தொடரும். உள்ளே ஒரு கடிகாரம் இருக்கிறது. 2013-ல் வியன்னாவில் கிறிஸ்டின் டெஸ்மார்-ரைபிள் குழுவினர் புழுவின் நாள் கடிகாரத்தை வேதிப்பொருளால் குலைத்துப் பார்த்தார்கள். மாதக் கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது. இரண்டும் தனித்தனி.

இந்தப் புழுவின் வாழ்க்கையை முழுதாகச் சொல்லிவிடுகிறேன், ஒப்பிடுவதற்கு அதுதான் தேவை.

கருவுற்ற முட்டை ஒரு நாளில் ட்ரோக்கோஃபோர் லார்வாவாகி நீந்தத் தொடங்கும். அதன் கண்புள்ளியில் இரண்டே செல்கள்: ஒரு நிறமிச் செல், ஒரு ஒளியுணர் செல். அந்த ஒளியுணர் செல்லின் நரம்பு நேரே, நீந்த உதவும் மயிரிழை போன்ற பிசிர்களுக்குப் போகிறது. இடையில் மூளையின் ஆலோசனை கிடையாது. வெளிச்சம் பட்ட பக்கத்துப் பிசிர்களின் வீச்சு மாற, லார்வா திரும்புகிறது. இதை 2008-ல் காஸ்பார் யேகேலி குழுவினர் விளக்கினார்கள். மூன்றாம் நாள் முட்கள் கொண்ட மூன்று கண்டங்களோடு, அதாவது உடல் வளையங்களோடு, குட்டிப் புழு. பிறகு அடியில் இறங்கிக் குழாய் கட்டிப் பாசி தின்னும். ஆய்வகங்களில் பசலைக் கீரை கொடுத்து வளர்க்கிறார்கள். வால் பக்கம் வெட்டுப்பட்டால் மீண்டும் கண்டங்களை வளர்த்துக்கொள்ளும்.

சில மாதங்களில் உடல் முழுக்க மாறும். பாடநூலில் நாம் ஹெட்டிரோநீரிஸ் என்று படிப்பது இந்த நிலையைத்தான். கண்கள் பெரிதாகும், பக்கக்கால்கள் துடுப்பாகும், குடல் சுருங்கிவிடும். இனிச் சாப்பாடு இல்லை. பெண் முட்டை நிறைந்து மஞ்சளாகும்; ஆணுக்கு முன்பாதி வெள்ளை, பின்பாதி சிவப்பு. ஒரே இரவு குழாயை விட்டு மேலே வரும். ஆணும் பெண்ணும் ஒன்றையொன்று வேதிப்பொருளால் அறிந்து சின்ன வட்டங்களில் வேகமாகச் சுற்றும். பெண் வெளிவிடும் யூரிக் அமிலம் ஆணை விந்து விடச் செய்யும். முட்டைகளும் விந்தும் நீரில் கலந்தபின் ஆண் புழு, பெண் புழு இரண்டும் சாகும்.

எழுத எழுத எனக்கு ஒன்று தெளிவாகிறது. பிளாட்டிநீரிஸ் தன் தாயையோ தகப்பனையோ ஒருநாளும் சந்திப்பதில்லை. ஜீப்ரா ஃபின்ச் சந்திக்கிறது. மற்ற எல்லா வேறுபாட்டையும் இந்த ஒன்றிலிருந்து கிளையாக வளர்த்துக் காட்டலாம் என்று நினைக்கிறேன். தலைமுறைகள் சந்திக்கும் இனத்தில் செய்திக்கு இரண்டு வழி: முட்டை, குரல். சந்திக்காத இனத்தில் முட்டை ஒன்றே வழி. எப்போது மேலே வர வேண்டும், எந்த வெளிச்சம் நிலவு என்பதற்கான அறிவுகூட அந்த முட்டைக்குள் அடங்கியாக வேண்டும்.

கேள்விக்கொடி எழுதியது:

நெய்தல்நிலா, நீங்கள் என் வாதத்துக்கே வலு சேர்க்கிறீர்கள். கற்கும் விலங்கு, கற்காத விலங்கு. சூழல் மாறினால் கற்பது தப்பிக்கும், முட்டைக்குள் எழுதி வைத்ததை மட்டும் நம்பியது மாட்டிக்கொள்ளும். கடலோரம் முழுக்க மின்விளக்கு. நிலவென்று நம்பி விளக்கைப் பார்த்துத் தப்பான இரவில் மேலே வந்தால் புழுவின் கதி என்ன?

நெய்தல்நிலா எழுதியது:

மிக நல்ல கேள்வி. அதற்கும் ஓரளவு விடை இருக்கிறது. புழுவிடம் எல்-கிரை என்ற ஒளியுணர் புரதம் உண்டு. 2022-ல் வெளிவந்த ஆய்வின்படி அந்தப் புரதம் சூரிய வெளிச்சத்தில் ஒரு நிலையிலும் நிலவின் மங்கலான வெளிச்சத்தில் வேறொரு நிலையிலும் இருக்கிறது. இது நிலவு, இது நிலவில்லை என்று பிரித்தறியும் காவல் வேலை அதற்கு. அந்த மரபணுவைக் கெடுத்த புழுக்கள் இயற்கைக்கு மாறான இரவு வெளிச்சத்தையும் நிலவாக ஏற்றுக்கொண்டன. ஆக எந்த வெளிச்சத்தையும் கண்மூடித்தனமாக நம்பும் பிராணி இல்லை அது. ஆனால் மனிதர் போடும் விளக்குகள் அந்தக் காவலை மீறும் அளவுக்குப் போனால் ஆபத்துதான். வாழ்நாளில் ஒரே ஒரு இரவு. அது தவறினால் மறு வாய்ப்பு கிடையாது. அதில் உங்கள் கவலை எனக்கும் உண்டு.

கற்பதிலும் ஆபத்து இருக்கிறதே. ஃபின்ச் குஞ்சு கேட்க வேண்டிய நாட்களில் கேட்காமல் போனால், பிறகு எத்தனை நல்ல பாடகன் பக்கத்தில் இருந்தாலும் பாட்டு முழுமையாகாது.

உப்பங்கழி எழுதியது:

அப்ப நாங்க தொட்டி மேல ராத்திரி முழுக்க டியூப்லைட் போட்டு வெச்சா புழு குழம்பிடுமா? புழுவையே தொட்டியில வளர்க்கணும்னு இப்ப பலரும் முயற்சி பண்றாங்க. இந்த விஷயம் தெரியாம செஞ்சா முதிர்ச்சி ஒரே நேரத்துல வராதுல்ல?

நெய்தல்நிலா எழுதியது:

உங்கள் இனங்களுக்கு நிலாக் கணக்கு எப்படி என்று தனியாகப் பார்த்தால்தான் தெரியும் அண்ணா. பிளாட்டிநீரிஸ் வளர்க்கும் இடங்களில் இரவு வெளிச்சத்தை மிகக் கண்டிப்பாக வைத்திருப்பார்கள். நிலவு விளக்கு எரியும் இரவுகள் தவிர மற்ற இரவுகள் முழு இருட்டு. அதை ஒரு தொட்டியிலாவது செய்து பாருங்கள்.

விலங்கியல்வாத்தியார் எழுதியது:

பேச்சு சூடாகப் போகிறது, மகிழ்ச்சி. கேள்விக்கொடி தம்பி சொல்லும் 'கற்காத விலங்கு' என்ற இடத்தில் மட்டும் நிறுத்துகிறேன். பிளாட்டிநீரிஸ் அடங்கிய நீரிஸ் குடும்பத்துப் புழுக்கள் பழக்கத்தால் மாறும் என்பது பழைய செய்தி. திடீரென்று நிழல் விழுந்தால் குழாய்க்குள் சுருக்கென்று இழுத்துக்கொள்ளும். திரும்பத் திரும்ப நிழல் காட்டினால் பொருட்படுத்தாமல் விட்டுவிடும். அதுவும் கற்றலின் ஒரு வகை. மூளையில் பூச்சிகளுக்கு இருப்பதுபோல, கற்றலுக்கும் நினைவுக்கும் உதவும் காளானுருவப் பகுதிகள் இதற்கும் உண்டு. 2010-ல் அந்தப் பகுதி வளரும்போது இயங்கும் மரபணுக்களையும் முதுகெலும்பிகளின் பெருமூளைப் புறணி வளரும்போது இயங்கும் மரபணுக்களையும் ஒப்பிட்டு, இரண்டுக்கும் ஒரே வேர் இருக்கலாம் என்று ஆரெண்ட் குழுவினர் வாதிட்டார்கள். எல்லோரும் அதை ஏற்கவில்லை. எனக்கு அதில் ஈடுபாடு உண்டு, வகுப்பில் அதை விவாதமாகவே வையுங்கள்.

இன்னொன்று, ஹார்மோன். பிளாட்டிநீரிஸின் தலையை நீக்கினால் உடல் மீண்டும் வளர முடியாமல், விரைந்து முதிரத் தொடங்கும். மூளை சுரக்கும் ஒரு பொருள்தான் முதிர்ச்சியைத் தள்ளிப்போட்டு, வெட்டுப்பட்ட உடலை வளர்க்கிறது என்று வெகுகாலமாகத் தெரியும். அந்தப் பொருள் மெத்தில் ஃபார்னெசோயேட் என்று 2016-ல் அடையாளம் கண்டார்கள். அது குறையும்போது புழு தன்னைச் சீர்செய்யும் திறனை விட்டுக்கொடுத்து முட்டைக்கு மாறுகிறது. உடலா சந்ததியா என்ற கணக்கு ஒரே சுரப்பில். பறவை அந்தக் கணக்கைத் தவணையாகச் செலுத்துகிறது: நான்கைந்து முட்டை, இரண்டு வாரம் போல் அடை, மூன்று வாரத்துக்குள் குஞ்சு கூட்டை விடும், மறுபடி அடுத்த ஈடு. ஆண் பெண் இருவரும் மாறி மாறி அடைகாக்கின்றன.

பறவையிலும் ஹார்மோன் மூளையைச் செதுக்குகிறது. 1976-ல் நோட்டபாமும் ஆர்னல்டும் ஜீப்ரா ஃபின்ச், கேனரி இரண்டின் மூளையையும் வெட்டிப் பார்த்தபோது, பாட்டுக்கான பகுதிகள் ஆணில் வெறுங்கண்ணுக்கே தெரியும் அளவுக்குப் பெரியவை. முதுகெலும்பிகளின் மூளையில் ஆண் பெண் வேறுபாடு அவ்வளவு வெளிப்படையாகக் காட்டப்பட்டது அப்போதுதான்.

உயிர்க்கடிகாரம் என்றதும் ஒரு பெயரைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம். கே. சந்திரசேகரன் குகை வௌவால்களின் நாள் கடிகாரத்தை ஆராய்ந்து இந்தத் துறையை நம் ஊரில் வேரூன்றச் செய்தவர். வகுப்பில் மெனாக்கர் பெயர் வரும்போது அவர் பெயரும் வரட்டும்.

கூண்டும்கூடும் எழுதியது:

'முட்டை, குரல்'னு ரெண்டு வழி சொன்னீங்களே, அதுல ஒரு சந்தேகம். அடையில உட்கார்ந்திருக்கிற பறவை கடும் வெயில்ல முட்டையைப் பார்த்து மெல்லிசா ஒரு சத்தம் போடும். நானே கேட்டிருக்கேன். பொரிக்காத குஞ்சுக்கு அது கேட்குமா?

நெய்தல்நிலா எழுதியது:

கேட்கும். 2016-ல் ஆஸ்திரேலியாவில் மரியெட், புக்கனன் இருவரும் இதையே ஆராய்ந்தார்கள். வெப்பம் 26 டிகிரியைத் தாண்டும்போது ஜீப்ரா ஃபின்ச் பெற்றோர் அடைகாலத்தின் கடைசி நாட்களில் முட்டைகளை நோக்கி இந்தத் தனிக்குரலை எழுப்புகின்றன. அந்தக் குரலின் பதிவை முட்டைக்குள் கேட்ட குஞ்சுகள் பொரித்த பிறகு வெப்பத்தில் வளரும்போது உடல் சற்றுச் சிறியதாகவே வளர்ந்தன. அப்படிச் சிறியதாக வளர்ந்தவை பின்னாளில் நன்றாகவே இனப்பெருக்கம் செய்தன. எனவே என் இரண்டு வழிகளும் ஓட்டுக்குள்ளேயே கலந்துவிடுகின்றன. உங்கள் கேள்விக்கு நன்றி. இதை வகுப்பில் கட்டாயம் சொல்வேன்.

நெறியாளர்:

வளர்ப்புப் பேச்சு வருவதால் ஒரு நினைவூட்டல். ஜீப்ரா ஃபின்ச் வெளிநாட்டுப் பறவை, கூண்டிலேயே பல தலைமுறையாகப் பெருகியது. அதன் குடும்பத்தைச் சேர்ந்த நம் ஊர்ச் சில்லைகளை, சிவப்புச் சில்லை உட்பட, பிடிப்பதும் விற்பதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அவற்றை வாங்குவது பற்றிய பதிவுகள் இங்கே வேண்டாம்.

தீவுவழி எழுதியது:

தாமதமாக வருகிறேன். இந்த இரண்டு விலங்கும் ஒரே நிலத்தில் சந்திக்குமா என்று யாரும் கேட்கவில்லை. கிட்டத்தட்ட சந்திக்கும். ஜீப்ரா ஃபின்ச்சின் ஒரு வடிவம் ஆஸ்திரேலியாவுக்கு வெளியே, இந்தோனேசியாவின் சின்ன சுந்தா தீவுகளில் திமோர் வரை வாழ்கிறது. அதே தீவுத்தொடரில் லொம்போக்கிலும் சும்பாவிலும் ஆண்டுக்கொரு முறை நிலவுக் கணக்கில் கடற்புழுக்கள் திரளாக மேலெழும் நாள் திருவிழா. அங்கே அவற்றை ஞாலே என்கிறார்கள். லொம்போக்கில் பிப்ரவரி, மார்ச் வாக்கில் மக்கள் விடியுமுன் வலையோடு கடலில் இறங்கி அள்ளிச் சமைக்கிறார்கள். சமோவாவின் பாலோலோவும் இதே போன்றதுதான். இவை பிளாட்டிநீரிஸ் இனம் அல்ல. ஆனாலும் நிலவு பார்த்து ஒரே சமயத்தில் மேலே வரும் வழக்கம் பல குடும்பத்துப் புழுக்களில் உண்டு.

அங்கே நிலவுக்குக் கட்டுப்பட்ட ஒரு விலங்கும், மழைக்குக் காத்திருந்து எந்த மாதத்திலும் கூடு கட்டும் ஒரு விலங்கும் ஒரே கரையில். காலத்தை எதைக் கொண்டு அளக்கிறது என்பதையும் ஒப்பீட்டில் சேர்க்கலாம். சிட்டுக்குருவி பகல் நீளத்தைப் பார்க்கும், ஜீப்ரா ஃபின்ச் மழையையும் புல்விதையையும் பார்க்கும், புழு நிலவைப் பார்க்கும்.

கேள்விக்கொடி எழுதியது:

கற்றுக்கொடுத்தல் என்ற ஒன்று பறவையிடம் கூடுதலாக இருக்கிறது என்ற என் கருத்தை நான் விடப்போவதில்லை. ஆனால் வாத்தியார் ஐயாவின் குருவி மை சோதனையைப் படித்த பிறகு, மாணவர்களுக்கு அதிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நானும் சொல்கிறேன். 'உயர்ந்தது' என்ற சொல்லை வகுப்பின் கடைசியில் கேள்வியாக வையுங்கள். யார் என்ன சொல்கிறார்கள் என்று இங்கே எழுதினால் படிக்க ஆவலாக இருக்கும்.

நெய்தல்நிலா எழுதியது:

அப்படியே செய்கிறேன். வகுப்பின் ஒழுங்கு இப்படி: முதலில் வெளிச்சம், குருவித் தலையும் புழு மூளையும். அடுத்து காலம்: மழை, பகல், நிலவு. அதன்பின் தலைமுறை: சந்திக்கும் இனம், சந்திக்காத இனம். முதுகெலும்பு அட்டவணையை வீட்டுப்பாடமாகக் கொடுத்துவிடுவேன். பிரச்சினை ஒன்றே: ஃபின்ச் பாட்டின் ஒலிப்பதிவு கிடைத்துவிடும், மாணவர் கையில் கொடுக்கப் பிளாட்டிநீரிஸ் எங்கே கிடைக்கும்?

விலங்கியல்வாத்தியார் எழுதியது:

அதற்கு மத்தியதரைக் கடல் போக வேண்டாம் அம்மா. பெரும்பாலான கல்லூரி விலங்கியல் துறைகளின் அலமாரியில் நீரிஸ் ஒரு சீசாவிலும், ஹெட்டிரோநீரிஸ் வேறொரு சீசாவிலும் இருக்கும். இரண்டிலிருந்தும் ஒவ்வொரு பக்கக்காலை வெட்டி நுண்ணோக்கியில் அடுத்தடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஊர்ந்த கால் துடுப்பானது அதில் தெரியும். ஹெட்டிரோநீரிஸின் முன்பாதியிலிருந்தும் பின்பாதியிலிருந்தும் தனித்தனியாக எடுக்க வேண்டும், முன்பாதிக் கால்களில் மாற்றம் குறைவாக இருக்கும். ஃபார்மலினில் கிடந்த பொருளை நன்றாகக் கழுவிய பிறகு தொடச் சொல்லுங்கள்.